ஆறரை மணிக்குள் கடப்பா சாண்ட்விச்

நேற்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த மகள், டிபன் பாக்ஸைக் கழுவப் போடாமல் நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். உள்ளே சாண்ட்விச்சின் ஒரு முனை, கட்டைவிரல் அகலத்துக்கு, மிச்சம் இருந்தது. "உங்களுக்குக் காட்டத்தான் வெச்சிருக்கேன்ப்பா. பத்தே முக்காலுக்குத் திறந்தப்போ மொறுமொறுன்னு இருந்துச்சு. அடியில ஈரமே இல்ல, தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன். காலை 6:20-க்குச் சுட்டது, அப்போது மணி ஐந்தரை. மேல்பக்கம் தளர்ந்திருந்தது. அடிப்பக்கம் விரலில் ஒட்டவே இல்லை. ஏழு வாரமாக எதற்காக மெனக்கெட்டேனோ அது கைக்கு வந்துவிட்டது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில். நான் அரிசி ஆலையில் ஃபிட்டர். மனைவி கும்பகோணத்தில் ஆசிரியை, மகள் தஞ்சாவூரில் படிக்கிறாள். ஒருவர் கிழக்கே போகும் பஸ், ஒருவர் மேற்கே போகும் பஸ். இரண்டு பேரும் 6:50-க்கு வாசல்படி இறங்க வேண்டும். ஆவணி மாதம் மனைவிக்கு வலது தோளில் வலி வந்தது. மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரைண்டர் கல்லைத் தூக்குவது அதோடு நின்றது. நான் தூக்கிக் கழுவலாம்தான், ஆனால் குறுவை அறுவடை நேரத்தில் நான் வீடு வந்து சேர இரவு ஒன்பது ஆகும். அப்புறம் எங்கே மாவு ஆட்டுவது. கடை மாவு இரண்டு வாரம் வாங்கினோம். ஒரு நாள் புளிப்பே இருக்காது, மறுநாள் வாயில் வைக்க முடியாது. காலை டிபனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ரொட்டிப் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

"ஜுரம் வந்தவங்களுக்குத்தான்டா ரொட்டி. நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஏன்டா அத குடுக்கற?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. அவள் காலத்தில் ரொட்டியும் பாலும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. இந்தக் கேள்வி அவள் மனதில் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த வேலையை ஒப்பேற்றிக் கொடுத்ததே அம்மாதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம் மச்சானிடம் கேட்டு வாங்கிய மின்சார சாண்ட்விச் மேக்கரில் போயிற்று. ஒரே நேரத்தில் இரண்டு சாண்ட்விச் வைக்கலாம். அவர்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாக வருகிறதாம். எங்கள் வீட்டில் ஒன்பது நிமிடம் ஆனது. அப்போதும் சிவக்கவில்லை, ரொட்டி வறண்டு ரஸ்க் மாதிரி ஆயிற்று. கருவி பழுது என்று நினைத்துக் கழற்றிக்கூடப் பார்த்தேன். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்து பிளக்கில் வைத்தேன். காலை 6:15-க்கு 184 வோல்ட். எங்கள் தெரு வயலை ஒட்டியது, அந்த நேரம் சுற்றிலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். கருவியின் அடியில் 750 வாட் என்று போட்டிருக்கிறது, ஆனால் அது 230 வோல்ட்டில். 184 வோல்ட்டில் 480 வாட்தான் கிடைக்கும். ஸ்டெபிலைசர் வாங்க யோசித்தேன். ரொட்டி சுடுவதற்காக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போட மனம் வரவில்லை. மச்சான் கருவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு காஸ் அடுப்புக்கே வந்தேன்.

பரணில் ஒரு அலுமினிய டோஸ்டர் கிடந்தது. இரண்டு சதுரத் தட்டு, நடுவில் கீல், இரண்டு நீளக் கைப்பிடி, நுனியில் மாட்ட ஒரு வளையம். எங்கள் கல்யாணத்துக்கு வந்தது, அதிகம் புழங்கியதில்லை. உள்பக்கம் குறுக்காக ஒரு வரம்பு இருக்கும், அது சாண்ட்விச்சை இரண்டு முக்கோணமாக்கிவிடும். தட்டின் உள்அளவு 9.5 செ.மீ. கடையில் கிடைக்கும் ரொட்டித் துண்டு 10 செ.மீ. அந்த அரை சென்டிமீட்டர் வித்தியாசம் நல்லதற்குத்தான். விளிம்பு நசுங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

ஆனால் இந்த டோஸ்டரில் ஒட்டவில்லை. மூடினால் ஒரு பக்கம் 1 மி.மீ. இடைவெளி, எதிர்ப்பக்கம் 4 மி.மீ. அந்த வழியாக உள்ளிருப்பது பிதுங்கி அடுப்பில் விழுந்து கருகும். கீலைப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பி தேய்ந்து 1.8 மி.மீ. ஆகியிருந்தது. ஓட்டை அகன்று 2.6 மி.மீ. ஆகியிருந்தது. முதலில் சைக்கிள் கடையில் ஒரு போக்ஸ் கம்பி வாங்கிப் போட்டேன். அது 2 மி.மீ.தான், ஆட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. தேய்ந்த ஓட்டைக்குக் கம்பி தேடியது தப்பு. ஓட்டையை ஒரு சரியான அளவுக்குப் பெரிதாக்கி அதற்குத் தகுந்த கம்பி போட்டிருக்க வேண்டும். ஆலையில் தினமும் செய்கிற வேலை, வீட்டில் தோன்றவில்லை.

ஆலையில் துண்டு விழுந்த எவர்சில்வர் வெல்டிங் ராடு ஒன்றைச் சொல்லிவிட்டு எடுத்துவந்தேன். 3.15 மி.மீ. ராடு. மேல்பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, எமரித் தாள் போட்டு மினுமினுவென்று தேய்த்து, வெந்நீரில் கழுவினேன். இரண்டு தட்டையும் சரியாகப் பொருத்தி, ஒரு மரக்கட்டையோடு சேர்த்து இறுக்கி, 3.2 மி.மீ. டிரில் பிட்டால் கீலின் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் துளைத்தேன். ஒரு பக்கத்தைத் துளைத்துவிட்டு அப்புறம் திருப்பி மறுபக்கம் துளைத்தால் மறுபடியும் கோணிக்கொள்ளும். அலுமினியம் பிட்டில் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன். கம்பியை நுழைத்து இரண்டு முனையையும் மெல்லத் தட்டி மழுக்கினேன். இப்போது சுற்றிலும் ஒரே சீராக 1 மி.மீ.க்குள் மூடுகிறது. ஒரு பக்கக் கைப்பிடியின் பேக்கலைட் விரிசல் விட்டிருந்தது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் 35 ரூபாய்க்கு ஜோடி கிடைத்தது. பிட் 40 ரூபாய். பழுதுக்கு மொத்தம் 75 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும்.

கருவி தயாராயிற்று. உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் பாதி நாள் போயிற்று.

எல்லாரும் செய்கிற மாதிரி தக்காளி, வெங்காயம், வெள்ளரிக்காய் வட்டமாக நறுக்கி, கொத்தமல்லிச் சட்னி தடவித்தான் ஆரம்பித்தேன். சுட்ட உடனே சாப்பிட்டால் அருமை. மகளுக்கு முதல் இடைவேளை 10:45-க்கு. நாலு மணி நேரத்தில் தக்காளி விட்ட தண்ணீரில் ரொட்டி கரைந்துவிட்டது. "ஸ்பூன் வாங்கிட்டு வந்து அள்ளிச் சாப்பிட்டேன்ப்பா" என்றாள். தக்காளியின் விதையை வழித்து எடுத்தும் பார்த்தேன், உப்பு போட்டுப் பிழிந்தும் பார்த்தேன். உடனே சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தக்காளி. டப்பாவுக்கு ஆகாது. அடுத்த வாரம் பூரி மசால் வைத்தேன். அது நன்றாகவே இருந்தது, ஆனால் நாலாம் நாள் யாருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கடப்பா வைத்திருந்தாள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், பூண்டு அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்துக் கடைசியில் எலுமிச்சை பிழிவது. கும்பகோணம், தஞ்சாவூர் ஓட்டல்களில் இட்லி தோசைக்கு ஊற்றுவார்கள். சாம்பார் மாதிரி ஓடாது, குருமா மாதிரி காரமும் கிடையாது. அன்று ராத்திரி பாத்திரத்தின் அடியில் கெட்டியாக நின்றதை மகள் வழித்து ஒரு ரொட்டித் துண்டில் தடவி நின்றபடியே சாப்பிட்டாள். "இதையே வெச்சுக் குடுங்களேன்ப்பா" என்றாள். சரி, இதுதான் நமக்கு வேண்டிய பூரணம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

ஓடுகிற கடப்பாவை நிற்க வைப்பதற்கு மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை, வழக்கமான கடப்பாவையே அகலமான வாணலியில் போட்டு இருபது நிமிடம் சுண்டவைத்தேன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பிரிந்தது, அடியில் பருப்பு பிடித்தது, எலுமிச்சை கசந்தது. இரண்டாவது தடவை, இறுகட்டும் என்று இரண்டு கரண்டி கடலை மாவைக் கரைத்து ஊற்றினேன். இறுகியது, ஆனால் பச்சை வாசனை போகவில்லை. வாசனை போகக் கிளறினால் களி மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு ஐந்து சாண்ட்விச்சில் மூன்று திரும்பி வந்தது.

மூன்றாவது தடவை நான் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "தண்ணிய ஊத்திட்டு அப்புறம் ஏன்டா வத்த வைக்கற? ஊத்தாமயே இரு. பருப்பு மலரணும், குழையக் கூடாது. கெட்டியாகணும்னா பொட்டுக்கடலையப் பொடி பண்ணிப் போடு, அது ஏற்கெனவே வறுத்ததுதானே" என்றாள். அறுபது வருடம் அடுப்படியில் நின்றவளிடம் நான் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

அம்மா சொன்ன அளவை நான் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். பத்து சாண்ட்விச்சுக்கான கணக்கு இது. பாசிப்பருப்பு 75 கிராம், வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். 150 மி.லி. தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். குக்கரில் வைக்காமல் சின்னப் பாத்திரத்தில் மூடி போட்டு, சிறு தீயில் 14 நிமிடம். ஒரு பருப்பை எடுத்து விரல் நடுவில் அழுத்தினால் தட்டையாக வேண்டும், ஆனால் விரலில் இழுசக் கூடாது. அந்த இடம்தான் பக்குவம். ஒரு நிமிடம் தாண்டினால் கூழாகிவிடுகிறது. உருளைக்கிழங்கு 300 கிராம், தோலோடு வேகவைத்து உரித்து, ஆறியபின் கையால் உதிர்த்துக்கொள்ள வேண்டும். நறுக்கி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பெரிய வெங்காயம் ஒன்று, 80 கிராம் இருக்கும், பொடியாக நறுக்கி நன்றாக வதக்க வேண்டும். அரைப்பதற்குத் தேங்காய்த் துருவல் 30 கிராம், பச்சை மிளகாய் 4, பூண்டு 2 பல், சோம்பு ஒரு டீஸ்பூன், கசகசா ஒரு டீஸ்பூன். கசகசாவை மட்டும் கால் மணி நேரம் முன்னால் வெந்நீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மிக்ஸியில் அரைபடாது. அரைக்க 30 மி.லி. தண்ணீர். வழக்கமாக இதோடு சேர்த்து அரைக்கிற பொட்டுக்கடலையை மட்டும் தனியாக, 20 கிராம், பொடியாகத் திரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம் வதக்கி, அரைத்ததைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கிளறி, பருப்பும் கிழங்கும் உப்பும் சேர்த்து எட்டு நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு பொட்டுக்கடலைப் பொடியைத் தூவிக் கிளற வேண்டும். முதல் நிமிடம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது நிமிடத்தில் கரண்டியில் வாணலியின் அடியைக் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கும். எலுமிச்சை ஒரு டீஸ்பூன், ஆறிய பிறகு. ஆறாமல் பிழிந்தால் கசக்கிறது.

ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். தினசரி நாள்காட்டியில் கிழித்த நேற்றைய தாளை எடுத்து, அதன்மேல் ஒரு ஸ்பூன் பூரணத்தை வைத்து ஐந்து நிமிடம் விட வேண்டும். முதல் தடவை சுண்டவைத்ததை இப்படி வைத்தபோது ராகு காலம், எமகண்டம் அச்செல்லாம் கரைந்து, தாள் மேடையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது வைத்தால் ஸ்பூன் அளவுக்கு ஒரு மங்கலான வட்டம், அவ்வளவுதான். வட்டம் அதற்கு மேல் பரவினால் இன்னும் ஒரு ஸ்பூன் பொடி போடுவேன்.

பூரணம் 550 கிராம் வரும். ஒரு சாண்ட்விச்சுக்கு 55 கிராம், அதாவது எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியில் தலை தட்டி ஒன்று. ஆரம்பத்தில் தாராளமாக 90 கிராம் வைத்தேன். டோஸ்டர் மூடவில்லை, மூடினால் விளிம்பு பிளந்தது. நடுவில் குவிக்காமல் விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பரப்ப வேண்டும். குறுக்கு வரம்பு படுகிற இடத்தில் ஸ்பூனால் ஒரு பள்ளம் இழுத்துவிட்டால் முக்கோணம் இரண்டும் சுத்தமாகப் பிரியும். மீதிப் பூரணம் ஃபிரிட்ஜில் இரண்டு ராத்திரி இருக்கும். சூட்டோடு மூடி வைத்தால் மூடியில் வேர்த்துத் திரும்பச் சொட்டும், நன்றாக ஆறவிட்டுத்தான் மூடுகிறேன். தேங்காய் இருப்பதால் மூன்றாம் நாளுக்கு வைப்பதில்லை. அதே காரணத்தால்தான் டப்பாவில் போவதையும் 11 மணிக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். நேற்று அவள் கொண்டுவந்த முனை பார்ப்பதற்கு மட்டும்தான், அதைக் காக்கைக்கு வைத்துவிட்டோம்.

ரொட்டியைப் பற்றிச் சுருக்கமாக. ஊர் பேக்கரி ரொட்டி மெத்தென்று ருசியாக இருக்கும், ஆனால் இனிப்பு அதிகம், உள்ளே சூடேறுவதற்குள் வெளியே கருத்துவிடுகிறது. நானே வெட்டினால் 15 மி.மீ. கனம் வந்துவிடுகிறது, டோஸ்டர் மூடாது. 400 கிராம் பாக்கெட் ரொட்டி, 12 மி.மீ. துண்டு, 16 இருக்கும். இரண்டு ஓரத் துண்டை ஒதுக்கினால் ஏழு சாண்ட்விச். ஐப்பசி மழை பிடித்ததும் மூன்றாம் நாளே ரொட்டியில் பூஞ்சை பூத்துவிட்டது, அந்தப் பாக்கெட்டை அப்படியே குப்பையில் போட்டேன். அதிலிருந்து வாங்கியதும் மறுநாளைக்குப் போக மீதியை ஃபிரீசரில் போட்டுவிடுகிறேன். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் விறைத்துப்போகிறது. ஃபிரீசரில் வைத்தது அப்படி ஆவதில்லை. ராத்திரியே எடுத்து வெளியே வைத்துவிட்டால் காலையில் புது ரொட்டி மாதிரி இருக்கிறது.

வெண்ணெய் உள்பக்கம், நெய் வெளிப்பக்கம். இதைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. வெளியே வெண்ணெய் தடவினால் அங்கங்கே கரும்புள்ளி விழுகிறது. அம்மா எடுத்து வைத்த வீட்டு வெண்ணெயில் மோர் இன்னும் அதிகம், தட்டில் சடசடவென்று வெடித்து ரொட்டியைப் பிடித்துக்கொண்டது. நெய் போட்டால் சீராகச் சிவக்கிறது. ஒரு சாண்ட்விச்சுக்கு வெளியே மொத்தம் 4 கிராம் நெய், உள்ளே துண்டுக்கு 4 கிராம் வெண்ணெய். உள்பக்க வெண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல. பூரணத்தின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் அது தடுக்கிறது. மூலை முடுக்கு விடாமல் தடவ வேண்டும். அவசரத்தில் ஒரு மூலையை விட்டால் ஈரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுடும் நேரம்: டோஸ்டரைக் காலியாக ஒன்றரை நிமிடம் காயவைத்து, சின்ன பர்னரில் நடுத்தரத் தீயில் ஒரு பக்கம் 2 நிமிடம், மறுபக்கம் ஒன்றரை நிமிடம். காயவைக்காமல் வைத்தால் ஒட்டும். ஆனால் ஐந்து சாண்ட்விச்சையும் இதிலேயே சுட்டால் பத்தொன்பது நிமிடம் ஆகிறது. வீட்டில் சாப்பிடுவதற்கு விளிம்பு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை என்று ஒரு நாள் மனைவி சொன்னாள். உண்மைதானே. 30 செ.மீ. இரும்பு தோசைக்கல்லில் நாலு சாண்ட்விச் இரண்டுக்கு இரண்டாகச் சரியாக உட்காருகின்றன. மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர். சொம்பின் கனத்தில் அடிப்பக்கம் முழுக்கக் கல்லில் படிகிறது. திருப்பிப் போட்டால் சின்னக் கோலம் மாதிரி ரொட்டியின் கண்ணெல்லாம் பழுப்பாகத் தெரியும். மொத்தம் ஐந்து நிமிடம். ஆகவே டப்பாவுக்குப் போகிற இரண்டு டோஸ்டரில், வீட்டில் சாப்பிடும் மூன்றும் தோசைக்கல்லில்.

இத்தனைக்குப் பிறகும் டப்பாவில் போனது நமத்துத்தான் போயிற்று. பூரணத்தில் ஈரம் இல்லை, ரொட்டி மொறுமொறு, எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று புரியவில்லை. ஒரு நாள் 6:40-க்கு மூடிய டப்பாவை 6:45-க்குத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. சாண்ட்விச்சின் ஆவிதான், வேறொன்றும் இல்லை. வாழை இலையை அனலில் வாட்டிச் சுற்றிக் கொடுத்தேன், கொல்லையில் நிற்கிற மரம்தானே. வாசனை பிரமாதம், ஆனால் இலை காற்றை விடாது, அதுவும் சேர்ந்து வேர்த்து இன்னும் மோசமாயிற்று. கட்டுச்சோற்றுக்கு எது நல்லதோ அது இதற்கு ஆகாது.

கடைசியில் மாவுச் சல்லடை கைகொடுத்தது. சல்லடையை ஒரு கிண்ணத்தின்மேல் வைத்து, முக்கோணங்களைப் படுக்க வைக்காமல் ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, எட்டு நிமிடம் விடுகிறேன். புறங்கையை மேலே காட்டினால் சூடு தெரியக் கூடாது. பிறகு வெயிலில் காய்ந்த பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக்கிச் சுற்றி டப்பாவில் நிற்கவைத்து மூட வேண்டும். ஆனால் எட்டு நிமிடத்துக்கு எங்கே போவது? நான் ஒரு மாதமாக, எல்லாரும் சூடாகச் சாப்பிடட்டும் என்று வீட்டில் சாப்பிடுவதை முதலில் சுட்டுவிட்டு, டப்பாவுக்கானதைக் கடைசியில் சுட்டுக்கொண்டிருந்தேன். வரிசையை மாற்றினேன். மாற்றிய அன்றுதான் மகள் அந்த முனையைக் கொண்டுவந்து காட்டினாள்.

இப்போது காலை இப்படிப் போகிறது. 6:10-க்கு டோஸ்டர் அடுப்பில், பக்கத்தில் ரொட்டி ஐந்து ஜோடி தடவி அடுக்கியாகிவிடும். 6:20-க்குள் டப்பாவுக்கான இரண்டும் சல்லடையில். 6:22-க்குத் தோசைக்கல்லில் மூன்று, அந்த இடைவெளியில் டிகாக்‌ஷனும் பாலும். 6:28-க்கு எல்லார் தட்டிலும் விழுந்துவிடும். 6:30-க்கு டப்பா மூடியாயிற்று.

செலவைக் கேட்பவர்களுக்கு: ரொட்டி பாக்கெட் 45 ரூபாய், ஒரு சாண்ட்விச்சுக்கு ஆறரை ரூபாய் விழுகிறது. பூரணம் பத்துக்கு 55 ரூபாய், அதாவது ஐந்தரை. வெண்ணெயும் நெய்யும் ஏழரை. ஆக காஸ் நீங்கலாக ஒன்று இருபது ரூபாய்க்குள். இட்லிக்கு இது ஈடு என்று சொல்ல மாட்டேன். அரிசியும் உளுந்தும் வீட்டில் இருக்கும்போது இட்லி இதில் பாதிகூட ஆகாது.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில உண்டு. டோஸ்டர் தட்டின் நடுவில் தீ நேராகப் படுவதால் அங்கே சீக்கிரம் சிவக்கிறது. பர்னர்மேல் வைக்க ஒரு கனமான இரும்புத் தகடு, 3 மி.மீ., ஆலையில் வெட்டிக்கொள்ளப் போகிறேன். புதுக் கிழங்கு ஈரம் அதிகம், கொஞ்சம் பழசாகப் பார்த்து வாங்க வேண்டும். பச்சை மிளகாய் நாலு மனைவிக்குக் கொஞ்சம் காரம், மூன்றாக்கி மிளகு தட்டிப் போட்டுப் பார்க்கலாம். அம்மா இன்னும் ரொட்டியைத் தொடவில்லை. பூரணத்தை மட்டும் ஒரு கிண்ணத்தில் வாங்கிக்கொள்கிறாள். முந்தாநாள் தோசைக்கல்லில் ஒரு மூலை உடைந்து விழுந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சோம்ப இன்னும் கொஞ்சம் வறுத்துட்டு அரைச்சிருக்கலாம்" என்றாள்.

மணி ஒன்பதரை. வெளியே நல்ல மழை. சோம்பை வறுத்து ஆறவைத்திருக்கிறேன், பருப்பு அடுப்பில் பன்னிரண்டாவது நிமிடம்.